துப்பாக்கி உரிமமும் ஆயுதச் சட்டமும் – ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி

இந்தியாவில் பொதுமக்கள் துப்பாக்கி வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது, விற்பது ஆகியவற்றை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. தமிழ்நாட்டுக்கென்று தனித் துப்பாக்கிச் சட்டம் கிடையாது. ஆனால் உரிமம் கேட்டு வரும் விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும், கொடுத்த உரிமத்தை இடைநிறுத்துவதும் பெரும்பாலும் உள்ளூர் அதிகாரியின் கையில் உள்ளன. சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளுக்கு அந்த அதிகாரி ஆவடி மாநகரக் காவல் ஆணையர்.

இப்பகுதிக்கும் ஆயுதங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அர்ஜுன் வண்டியும் இங்கேயே உருவானது. மத்திய ரிசர்வ் காவல் படையின் முகாமும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகளும் இங்கு உள்ளன. ‘ஆவடி’ என்ற பெயரே ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து ராணுவம் வைத்தது என்று ஒரு கதை உள்ளூரில் உலவுகிறது. ஊர்ப்பெயர் முன்பே இருந்தது. விரிவாக்கம் பிற்காலத்தில் பொருத்தப்பட்டது. இத்தனை ஆயுதங்களுக்கு நடுவே வாழ்ந்தாலும் இங்குள்ள வீடுகளில் துப்பாக்கியைக் காண்பது அரிது. மத்திய உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 டிசம்பர் 31 நிலவரத்தில் நாட்டில் சுமார் 33.69 லட்சம் உரிமங்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் 22,532.

மாநிலச் சட்டம் ஏன் இல்லை

அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும் மாணவர்களுக்கு ‘மாநிலத் துப்பாக்கிச் சட்டங்கள்’ என்ற தொடர் பழகியிருக்கும். அங்கே 1791-இல் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் தாங்குவதை உரிமையாகச் சொல்கிறது. அந்த உரிமையை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துவது என்பதில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் இயற்றுகிறது. டெக்சஸில் சட்டப்படி சரியானது நியூயார்க்கில் குற்றமாகலாம்.

இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 5-ஆம் இனமாக ஆயுதங்கள், சுடுகலன்கள், வெடிமருந்துகள் இடம்பெற்றுள்ளன. சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. குடகு மக்கள் உரிமம் இல்லாமல் சில வகைத் துப்பாக்கிகளை வைத்திருக்கலாம் என்ற பழைய விலக்கும் கர்நாடக அரசு தந்தது அன்று. ஆயுதச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்கீழ் ஒன்றிய அரசு தரும் விலக்கு அது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அதைச் செல்லும் என்றது.

துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமையும் அன்று. உரிமம் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்து 2023 பிப்ரவரியில் ஒரு ஜாமீன் வழக்கின்போது கவலை தெரிவித்த உச்ச நீதிமன்றம், அமெரிக்காவுடன் உள்ள இந்த வேறுபாட்டையே சுட்டிக்காட்டியது.

பின்னணி

தமிழகத்தில் ஆயுதப் பறிப்பு ஆயுதச் சட்டத்துக்கு முற்பட்டது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்றும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்றும் தூக்கிலிடப்பட்டனர். அந்தப் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்ததும், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களின் ஆயுதங்களைக் களையவும் கோட்டைகளை இடிக்கவும் பிரகடனம் வெளியிட்டார். 1857 கிளர்ச்சிக்குப் பின் நாடு முழுவதற்கும் சட்டங்கள் வந்தன. அவற்றில் பெயர்பெற்றது வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு என்ற பாகுபாடு அதில் வெளிப்படையாகவே இருந்தது.

அச்சட்டத்தின் எல்லை பிரெஞ்சுப் புதுச்சேரியில் முடிந்தது. வ.வே.சு. ஐயர் அங்கே இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தந்ததும், அங்கு பயின்ற வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டதும் அறியப்பட்டவை. ஓர் எல்லைக்கு இப்பால் கட்டுப்பாடும் அப்பால் தளர்வும் இருந்தால் துப்பாக்கி எந்த வழியில் வரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் கேட்கப்பட்டிருந்தது. ஆனால் விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்பில் அது இடம்பெறவில்லை. 1959-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இனப் பாகுபாடு நீங்கியது. உரிமம் கட்டாயம் என்ற அடிப்படை நீடித்தது.

எந்த அலுவலகம்

மேற்குப் புறநகரில் எல்லைகள் குழப்பம் தருபவை. அம்பத்தூர் 2011 முதல் பெருநகர சென்னை மாநகராட்சியின் பகுதி. 2018 முதல் வருவாய்த்துறைக் கணக்கில் சென்னை மாவட்டத்தில் உள்ளது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் 2022 ஜனவரி 1 முதல் இம்மூன்றும் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின்கீழ் வருகின்றன.

ஆயுதச் சட்டத்தின் சொற்பொருள் பிரிவு இந்தக் குழப்பத்தை ஒரே வரியில் தீர்க்கிறது. காவல் ஆணையர் நியமிக்கப்பட்ட பகுதியில் ‘மாவட்ட மாஜிஸ்திரேட்’ என்பது அந்த ஆணையரையே குறிக்கும். எனவே அம்பத்தூர்க்காரர் வீட்டு வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டினாலும் துப்பாக்கி உரிமத்துக்கு ஆவடி ஆணையரகத்தையே நாட வேண்டும். ஆணையரகத்தின் எல்லைக்கு வெளியே, ஊத்துக்கோட்டை போன்ற இடங்களில், அதே அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது.

தடை செய்யப்பட்ட வகை ஆயுதங்களுக்கு, அதாவது தானியங்கித் துப்பாக்கி முதலியவற்றுக்கு, ஆணையரோ ஆட்சியரோ உரிமம் தர முடியாது. அது ஒன்றிய உள்துறையின் முடிவு. உள்ளூரில் உரிமம் பெறுபவை பெரும்பாலும் .32 ரிவால்வர், 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி, .22 விளையாட்டுத் துப்பாக்கி போன்றவை.

உரிமம் பெறுதல்

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்துடன் அடையாள, முகவரிச் சான்றுகள், மனநலத்தையும் உள்ளடக்கிய மருத்துவச் சான்றிதழ், துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருப்பதற்கான உறுதிமொழி ஆகியவற்றைத் தர வேண்டும். விண்ணப்பம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து வரும் அறிக்கையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. குற்ற வழக்கு, அக்கம்பக்கத் தகராறு, குடும்ப வன்முறைப் புகார் ஆகியவை இந்தக் கட்டத்தில் தெரியவரும்.

எதற்காகத் துப்பாக்கி என்பதே இங்கு மையக் கேள்வி. உயிருக்கு உண்மையான, கடுமையான அச்சுறுத்தல் இருக்க வேண்டும். அல்லது தொழில் காரணமான தேவை இருக்க வேண்டும். அல்லது துப்பாக்கி சுடும் விளையாட்டில் தொடர்ந்து ஈடுபடுபவராக இருக்க வேண்டும். படையிலோ காவல்துறையிலோ பணியாற்றியவர்களையும் விதிகள் கருத்தில் கொள்கின்றன. ஆவடியில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் வசிப்பதாலும், வங்கிகளும் தொழிற்பேட்டை நிறுவனங்களும் அவர்களைக் காவலுக்கு அமர்த்துவதாலும் இப்பிரிவுக்கு இங்கே தனி முக்கியத்துவம் உண்டு. பணக்காரருக்குத்தான் உரிமம் கிடைக்கும் என்ற பேச்சு பரவலானது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தைப் பொதுவாக எழுத்தில் பதிய வேண்டும். 18-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடும் உண்டு.

2016 விதிகள் கொண்டுவந்த பெரிய மாற்றம் பாதுகாப்புப் பயிற்சி. அதற்கு முன் துப்பாக்கியை ஒருநாளும் கையில் எடுத்தறியாதவர்கூட உரிமம் பெற்றுவிடலாம். இப்போது துப்பாக்கியைக் கையாளுதல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல் குறித்த பயிற்சிச் சான்று தேவை. ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் தரப்படுகிறது.

2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்தது. உரிமம் ஒரு நபருக்கு, ஒரு குறிப்பிட்ட ஆயுதத்துக்கு, அதில் எழுதிய நிலப்பரப்புக்கு மட்டும் செல்லும். கணவர் பெயரில் உள்ள துப்பாக்கியை மனைவியோ, முதலாளியின் துப்பாக்கியை ஓட்டுநரோ எடுத்துச் சென்றால் அது உரிமம் இல்லாத துப்பாக்கிதான்.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெறுவது வழக்கம். யாரிடமிருந்து பெறுவது என்பதை ஆய்வுக்குழு முடிவு செய்ய வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். வங்கிக் காவலர்களுக்கும் தேசிய ரைபிள் சங்கத்தைச் சேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு உண்டு.

உரிமம் இல்லாமல் தொடக்கூடியவை

மாணவர் ஒருவர் சட்டப்படி முதன்முதலில் துப்பாக்கியைத் தொடும் இடம் பெரும்பாலும் தேசிய மாணவர் படைதான். ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அப்படையின் உறுப்பினர்களுக்குக் கடமை சார்ந்த விலக்கு அளிப்பதால், .22 துப்பாக்கியில் அவர்கள் பயிற்சி பெற முடிகிறது. விளையாட்டுச் சங்கங்களிலும் 21 வயதுக்கு உட்பட்டோர் மேற்பார்வையில் சுடலாம். செங்குன்றத்தை அடுத்த அலமாதியில் ஷாட்கன் போட்டிகளுக்கான தளம் உள்ளது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த வகைப் போட்டியில்தான் பங்கேற்றார்.

ஏர் கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கியைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம். குழலின் விட்டம் .177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மிகாமலும் குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியில் அரை கிராம் ஈயக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆற்றல் 7 ஜூல் அளவே. .22 துப்பாக்கித் தோட்டாவின் ஆற்றல் அதைப்போல் இருபது மடங்கு. ஆனால் 7 ஜூல் என்பது பொம்மைக்குரிய அளவன்று. கண்ணில் பட்டால் பார்வை போகும். மொட்டைமாடியில் தகர டப்பாவைச் சுடும் குண்டு தவறினால் அடுத்த தெருவில் விழும். உரிமம் தேவையில்லை என்பது எதையும் சுடலாம் என்பதும் ஆகாது. ஏரிக்கரையில் கொக்கையோ நாரையையோ சுட்டால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அங்கே ஆயுதத்தின் வகை ஒரு பொருட்டன்று.

பட்டாக்கத்தி

ஆயுதச் சட்டம் என்றதும் துப்பாக்கியை மட்டும் நினைப்பது வழக்கம். சென்னைப் புறநகர் இளைஞர்களை இச்சட்டம் உண்மையில் அதிகம் தொடுவது கத்தி வழியாகத்தான். சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல் கூர்முனை ஆயுதங்களையும் உள்ளடக்கும். விதிகளின் அட்டவணைப்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் இவ்வகையில் வருகின்றன. வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் என்றே செய்யப்பட்டவை சேரா. தென்னை ஏறுபவரின் அரிவாளும் கசாப்புக்கடைக் கத்தியும் இடத்தில் இருக்கும்வரை கருவிகளே. அதே அரிவாள் கல்லூரிப் பையிலோ மின்சார ரயிலின் கதவருகிலோ தென்பட்டால், அது கருவி என்ற வாதம் எடுபடாது.

2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவைக் காவல்துறை சுற்றி வளைத்து, எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. கேக் வெட்டியது பட்டாக்கத்தியால். அந்தக் காட்சி பரவியபின் அதையே பின்பற்றிப் படமெடுத்து வெளியிடுவது ஒரு மோகமாகவே ஆனது. வெளியிட்டவருக்கு எதிரான முதல் சாட்சியம் அவரே ஏற்றிய காணொளி என்பதை இளைஞர் பலர் தாமதமாகவே உணர்கின்றனர். பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினாலும், ஆயுதச் சட்டம் பொருந்தாவிட்டாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் மிரட்டல் பிரிவு பொருந்தும்.

தண்டனைகள்

உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019 திருத்தத்துக்குப் பின், 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு. சட்டவிரோதமாகத் தயாரித்தல், விற்றல் ஆகியவற்றுக்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. கொண்டாட்டத்தில் அலட்சியமாகச் சுட்டுப் பிறர் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வட இந்தியத் திருமண ஊர்வலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு இது. தமிழகம் அந்த இடத்தில் சரவெடியோடு நிறுத்திக்கொள்கிறது.

ஒரே ஒரு தோட்டாவும் இச்சட்டத்துக்குள் வரும். மீனம்பாக்கம் விமான நிலையச் சோதனையில் பையின் மூலையிலிருந்து தோட்டா வெளிப்பட்டு, பயணம் நின்று, வழக்குப் பதிவாவது அவ்வப்போது செய்தியாகிறது. தந்தையின் பழைய பையை எடுத்து வந்தவர்களும், நினைவுப்பொருளாக வைத்திருந்தவர்களும் இப்படிச் சிக்குவதுண்டு. தன்னிடம் அது இருப்பதை அறிந்து வைத்திருந்தாரா என்பதே குற்றத்தின் அடிப்படை என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும் 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் விளக்கியுள்ளது. அந்த வாதம் நீதிமன்றத்தில் வெல்லக்கூடும். தவறிய விமானத்தையும் அலைச்சலையும் அது திருப்பித் தராது.

உரிமம் உள்ளவர் சுட்டாலும் கேள்வி ஓய்வதில்லை. தற்காப்பு உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வரையறுக்கின்றன. தேவைக்கு மிஞ்சிய தீங்கு விளைவிக்கக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை எழாது. சுவரேறிக் குதித்து ஓடுபவரின் முதுகில் சுட்டுவிட்டு உரிமத்தைக் காட்டுவதில் பயனில்லை.

துப்பாக்கி காக்குமா

2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆவடி ஆணையரக எல்லையில் உள்ள பொத்தூரில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்குத் துப்பாக்கி உரிமம் இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியை ஜூனில் திரும்பப் பெற்றிருந்தார் என்று காவல்துறை அப்போது தெரிவித்தது. கொலையாளிகள் பயன்படுத்தியவை அரிவாள்களும் கத்திகளும். திட்டமிட்டுக் கூட்டமாக வந்து சில நொடிகளில் முடிக்கும் தாக்குதலில், ஆயுதம் கைவசம் இருந்தாலும் அதை எடுக்க நேரம் கிடைப்பதில்லை.

இன்னொரு வகை ஆபத்தைத் தமிழகம் 1967 ஜனவரி 12 அன்று கண்டது. பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் உள்ள ராமாவரம் தோட்டத்தில், பல படங்களில் சேர்ந்து நடித்த எம்.ஜி.ஆரும் எம்.ஆர். ராதாவும் சந்தித்த அறையில் துப்பாக்கி வெடித்தது. இருவரும் காயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எம்.ஜி.ஆரின் குரல் அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அறிமுகமானவர்களுக்கு இடையிலான கோபம் கைகலப்போடு முடிவதற்கும் மருத்துவமனையில் முடிவதற்கும் இடையே உள்ள வேறுபாடு, பல நேரங்களில் அருகில் துப்பாக்கி இருந்ததா என்பதுதான். தற்கொலை எண்ணத்துக்கும் இது பொருந்தும். நெருக்கடியான மணிநேரத்தில் துப்பாக்கி எட்டாத இடத்தில் இருப்பது உயிரைக் காக்கிறது. வீட்டில் ஒருவர் மனம் சோர்ந்திருந்தால் துப்பாக்கியைத் தற்காலிகமாக விற்பனையாளரின் காப்பில் வைக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும்.

கையாளும் முறை

துப்பாக்கி விபத்துகளில் பெரும்பாலானவை ‘உள்ளே தோட்டா இல்லை’ என்ற நம்பிக்கையில் நடக்கின்றன. எனவே எந்தத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டதே என்று கருதிக் கையில் எடுப்பது முதல் பழக்கம். சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது. குறி பார்த்து முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இவை நான்கும் ஒன்றுக்கொன்று காப்பு. ஒன்று தவறினாலும் மற்ற மூன்று தாங்கும்.

பிஸ்டலில் மேகசினைக் கழற்றிவிட்டால் வெறுமையாகிவிட்டது என்று எண்ணுவது ஆபத்தானது. குழலின் பின்புற அறையில் ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். மேகசினைக் கழற்றியபின் அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்ய வேண்டும். இரட்டைக்குழலை மடித்துத் திறந்தால் இரு அறைகளும் நேராகத் தெரியும். ரிவால்வரில் உருளையைத் திறந்து எல்லாத் துளைகளையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு ஒரு பூட்டிலும், தோட்டாக்கள் வேறு இடத்தில் வேறு பூட்டிலும் இருப்பது நல்லது. பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைப்பது ஒளிப்பதே தவிரப் பூட்டுவது ஆகாது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பெற்றோரைவிட நன்றாகத் தெரியும். பொது இடத்தில் கொண்டு செல்லும்போது துப்பாக்கி உறையிலோ பையிலோ மூடியிருக்க வேண்டும். எடுத்துக் காட்டுவதே விதிமீறல். தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

சுடுதளமும் கண்டெடுத்த குண்டும்

துப்பாக்கி வைத்திராதவர்களையும் துப்பாக்கிப் பாதுகாப்பு தொடுகிறது என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை சாட்சி. 2021 டிசம்பர் 30 அன்று அங்குள்ள காவல்துறைச் சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளித் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். ராணுவ வகை ரைபிளின் குண்டு 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லக்கூடியது. அதைத் தடுப்பது இலக்குக்குப் பின்னுள்ள மண்மேடும், சுடும் கோணத்தின் கட்டுப்பாடும், சுற்றிலும் விடப்படும் வெற்றுநிலமும்தான். ஆவடியை அடுத்த வீராபுரத்திலும் காவல் படையின் சுடுதளம் உள்ளது. புறநகர் மனைப்பிரிவுகள் ஆண்டுதோறும் விரிந்துவரும் இப்பகுதியில், வெற்றுநிலத்தைக் காப்பது சுடுதளத்தின் பொறுப்பு மட்டுமன்று. மனை அனுமதி தருவோரின் பொறுப்பும் ஆகும். மனை வாங்குபவரும் பத்திரத்தோடு சேர்த்து இதை விசாரிப்பது நல்லது.

2019 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே மானாம்பதியில் கண்டெடுத்த மர்மப் பொருள் ஒன்று வெடித்து இளைஞர் இருவர் உயிரிழந்தனர். பயிற்சி நிலங்களின் அருகிலோ, ஏரி தூர்வாரும்போதோ, பழைய இரும்புக் கடையிலோ துருப்பிடித்த குண்டு கிடைத்தால் அது செத்த குண்டு என்று கொள்ளக் கூடாது. துரு வெடிமருந்தை அணைப்பதில்லை. தொடாமல், தட்டாமல், மற்றவர்களை விலக்கிவிட்டு 100 அல்லது 112-ஐ அழைத்தால் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அகற்றுவர்.

தாத்தாவின் துப்பாக்கி

பழைய குடும்பங்களில் எழும் சிக்கல் இது. உரிமதாரர் இறந்ததும் அவரது உரிமம் வாரிசுக்குத் தானாக வந்து சேராது. துப்பாக்கியைப் பரணில் வைத்துக்கொண்டே இருந்தால், வாரிசு உரிமம் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பவர் ஆகிறார். சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். அதன்பின் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்றால் உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கோரவும் விதிகள் இடம் தருகின்றன. இந்த விண்ணப்பத்துக்கும் காவல் அறிக்கை உண்டு.